கடலோர ஏசியும் அரை வாளித் தண்ணீரும்

சென்னையில் ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டன்?". இரண்டாவது, "எத்தனை ஸ்டார்?". மூன்றாவது, தவணை உண்டா என்பது. "இது எவ்வளவு தண்ணீர் இறைக்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் பெசன்ட் நகரிலோ எண்ணூரிலோ குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

முதலில் இந்த 'டன்' விவகாரத்தை முடித்துவிடலாம். அது ஏசியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு :-) ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிக்கும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன். கணக்கில் சொன்னால் சுமார் 3.5 கிலோவாட். இந்த ஐஸ் கணக்குக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. மெரினா எதிரில் வட்டமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அது 1840களில் ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரிக்காகக் கட்டப்பட்ட கிடங்கு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, அவ்வளவு தூரம் கொண்டுவந்து விற்றார்கள். 1897ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடத்தில்தான். இன்று வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கும் ஒன்றரை டன் பெட்டி, அந்தக் கப்பல் சரக்கைத் தினமும் ஒரு நடை இறக்குகிற மாதிரி.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

வில்லிஸ் கேரியர் 1902ல் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்தது மனிதர்களைக் குளிர வைக்க அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடையில் காற்றின் ஈரம் பட்டுக் காகிதம் உப்பும், வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது. காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. குளிர்ச்சி கூடவே வந்தது. ஏசியின் பிறப்பே ஈரத்தை விரட்டத்தான் என்பதை வறண்ட ஊர்க்காரர்கள் மறந்தால் பரவாயில்லை, கடலோரத்தார் மறக்கக் கூடாது.

ஒரு சின்ன கணக்கு. 32 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 அல்லது 24 கிராம் நீராவி இருக்கும். அதை 25 டிகிரிக்கும் 50 சதவீதத்துக்கும் கொண்டுவர, பாதியை வெளியே எடுக்க வேண்டும். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். ஒரு முறை அறையைக் காய வைக்கவே சுமார் 400 மில்லி தண்ணீர். கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் கடல் காற்று சும்மா இருக்குமா? மணிக்கு ஒரு முறை அறைக் காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத் தூக்கத்தில் மூன்று லிட்டருக்கு மேல் போகும். தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் தனி. பால்கனியில் குழாய்க்கு அடியில் வைத்த வாளி விடிவதற்குள் அரைவாசி நிறைவது இப்படித்தான். (செடிக்கு ஊற்றலாம், வீடு துடைக்கலாம். 'சுத்தமான தண்ணீர்' என்று குடிக்கக் கிளம்ப வேண்டாம். அது தூசியையும் உலோகத்தையும் கழுவி வந்த தண்ணீர்.)

இங்கேதான் பலரும் பெரிய ஏசி வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டால் பத்தே நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆனால் ஈரம் வடிய நேரம் வேண்டும். தகடுகளில் ஒட்டிய நீர்த்துளிகள் ட்ரேயில் இறங்குவதற்குள் கம்ப்ரஸர் ஓய்ந்து, ஃபேன் மட்டும் சுற்றி அதே ஈரத்தைத் திரும்ப அறைக்குள் ஊதும். விளைவு, 20 டிகிரியில் பிசுபிசுப்பு. போர்வையும் வேண்டும், வியர்வையும் போகாது. அளவான ஏசி நிதானமாக நீண்ட நேரம் ஓடுவதே மேல். 2020 முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தி திறன் பணியகத்தின் கணக்கு. ஈரம் சரியாக வடிந்தால் 26லும் சுகமாகத் தூங்கலாம். மழை நாட்களில் ரிமோட்டில் 'டிரை' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதையும் கொஞ்சம் கண்டுகொள்ளுங்கள்.

திருவான்மியூரில் ஒரு வீடு. கடலுக்கு நான்கு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. ஓய்வுபெற்ற பெரியவர், மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி. மூன்று கோடையாக ஏசி ஏப்ரலில் குளிர்வதை நிறுத்தும், மெக்கானிக் வருவார்.

"சார், கேஸ் இறங்கிடுச்சு."

"போன வருஷம்தானேப்பா போட்டீங்க?"

"கடல் காத்து சார், அப்படித்தான் இருக்கும்."

பாதி உண்மை. பாதிதான்! கேஸ் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. கடல் காற்று செய்வது வேறு. உப்புத் துகள் ஈரத்தோடு சேர்ந்து அவுட்டோர் யூனிட்டில் படியும்போது, செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்கிறது. அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் என்றால் சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். இவை போதாதென்று வீட்டுக்குள் பசை, பாலிஷ், பெயின்ட் ஆவியில் உண்டாகும் அமிலங்கள் செம்பில் எறும்புப் புற்று போல நுண்ணிய துளைகள் போடும்.

நான்காவது கோடையில் வேறொரு மெக்கானிக் வந்தார். கொஞ்சம் வயதானவர். கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. சோப்பு நுரையைக் குழைத்துக் குழாய் வளைவுகளில் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நுரை மெதுவாகக் குமிழ் விட்டது. "இதோ பாருங்கய்யா, உங்க மூணு வருஷக் காசு" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியாத ஒரு முகம்.

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கவலை பேத்தியின் இருமல். இரவு ஏசி போட்டால் இரண்டு மணிக்கு இழுக்க ஆரம்பிக்கும். குழந்தைகள் டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "வீட்டுல பூஞ்சை எங்கயாவது இருக்கான்னு பாருங்கம்மா" என்றிருந்தார். சுவர், அலமாரி, மெத்தை அடி எல்லாம் தேடினார்கள். ஒரு நாள் மருமகள் நாற்காலி போட்டு ஏறி, செல்போன் விளக்கை ஏசியின் வாய்க்குள் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே சுற்றும் ப்ளோயர் உருளையின் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாய்ப் பூசணம். ஃபில்டரை மாதம் தவறாமல் கழுவிய வீடுதான் அது! ஃபில்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. தினமும் எட்டு மணி நேரம் நனைந்து, பிறகு இருட்டில் பதினாறு மணி நேரம் மூடிக் கிடக்கும் இடத்தில் பூஞ்சை வராமல் பூவா வரும்?

ப்ளோயரைக் கழற்றிக் கழுவினார்கள், காயிலை மாற்றினார்கள். இருமல் அடியோடு போய்விடவில்லை. தலையணைத் தூசியில் வாழும் உண்ணிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து நெபுலைசர் தேடும் இரவுகள் குறைந்தன. அதற்குப் பிறகு காலையில் அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் ஃபேனை மட்டும் ஓடவிட்டு உள்ளே காயவைக்கிறார் அந்த மருமகள். சல்லிக்காசு செலவில்லாத வேலை. நோக்கம் உள்ளே காய்வதுதான். கொஞ்ச நேரம் அறையில் ஈரம் ஏறும், ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும்.

நம் ஊரில் இது ஒரு பெட்டியோடு முடிகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ் கடலோரங்களில் வீடு முழுக்கக் குழாய்வழிக் குளிர்ச்சி. அந்த டக்டுகள் பெரும்பாலும் கூரைக்கடியில், கோடையில் 50 டிகிரியைத் தாண்டும் இடத்தில் ஓடுகின்றன. உள்ளே சில்லென்ற காற்று, வெளியே புழுக்கம். மேலே சுற்றிய உறை கிழிந்த இடத்தில் டக்டு வியர்த்து, சீலிங்கில் கறை விழும். வழக்கமான வீடுகளில் டக்டில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஒழுகி வீணாகிறது என்கிறது அவர்களுடைய எனர்ஜி ஸ்டார் திட்டம். வேடிக்கை என்னவென்றால் 1998ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பலவிதமான ஒட்டும் பொருட்களைச் சோதித்தபோது, டக்டில் நிற்காமல் தோற்றது துணியில் செய்த சாதாரண 'டக்ட் டேப்'தான் :-)

டக்டுக்குள் தூசி உறிஞ்சித் தருகிறோம் என்று அங்கே ஒரு தொழிலே நடக்கிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலை தெளிவு. டக்டைச் சுத்தம் செய்வது நோய்களைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. கண்ணால் பார்க்கும் அளவுக்குப் பூஞ்சை, எலி அல்லது பூச்சித் தொல்லை, அடைக்கும் அளவுக்குக் குப்பை, இவை இருந்தால் செய்யலாம். அப்போதும் ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அதைச் சரிசெய்யாவிட்டால் பூஞ்சை திரும்ப வரும். ஈ.சி.ஆர். பக்கம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் டக்டு வைத்துக் கட்டும் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். கட்டும்போதே திறந்து பார்க்க ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றபடி வேலை அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டர். கடலுக்குப் பக்கம் என்றால் மெயினை அணைத்துவிட்டு, எட்டுகிற இடத்தில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், அது கடலைக் கொண்டு கடலைக் கழுவுவது. வெளிச்சுவரில் தொங்குவதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். ட்ரெயின் பைப்பில் பாசி அடைத்தால் தண்ணீர் படுக்கையில் சொட்டும், அதுவே நினைவூட்டிவிடும். அக்டோபரில் நிறுத்தி மார்ச் வரை தொடாத வீடுகளில் மட்டும் ஒரு விஷயம்: வடகிழக்குப் பருவமழை முழுக்க அந்தப் பெட்டி ஈரக் காற்றில் மூடிக் கிடந்திருக்கும். முதல் நாள் போடும்போது ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள், குழந்தைகளை அதுவரை வேறு அறையில் வையுங்கள்.