பின்வாசல் மின்சாரம்

மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் உள்ளீட்டுக் கால்களில் பெரும்பாலும் ஒரு டயோடு காவலிருக்கிறது. விரல்நுனியின் நிலைமின்சாரம் சில்லைக் கருக்கிவிடாமல், மிகுதியை மின்வழங்கு தடத்துக்குத் திருப்பிவிடுவது அதன் பணி.

என் மேசையில் ஆர்டுயினோ உனோ பலகையின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் பச்சை விளக்கு மங்கலாக எரிந்தபோதுதான் அக்காவலின் மறுமுகத்தைக் கண்டேன். தனி மின்சாரத்தில் இயங்கிய உணரி ஒன்று உள்ளீட்டுக் காலில் 5 வோல்ட்டை வைத்திருந்தது. டயோடு தன் பங்காக ஏறத்தாழ 0.6 வோல்ட்டைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை உள்ளே விட்டது.

அப்பலகையின் ஏடிமெகா328பி சில்லு மெதுவாக ஓட 1.8 வோல்ட்டே போதும். ஆனால் உனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் வேண்டும். இடைப்பட்டது குற்றுயிர்நிலை. அந்நிலையில் கணக்குப் பிழைக்கலாம். நினைவகத்தில் தவறானது பதியலாம். முழுதாக அணையாத சில்லு, மீண்டும் மின்சாரம் வரும்போது புதிதாகத் தொடங்காமல் பழைய குழப்பத்தையே தொடரவும் கூடும்.

உணரிக்கும் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், கசியும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்குள் ஒடுங்கிவிடும். மெதுவான சமிக்ஞைகளுக்கு அதனால் இடையூறில்லை. உணரியையும் பலகையையும் ஒரே விசையில் அணைப்பது அதனினும் நன்று. அணைப்பதும் ஒரு வேலைதான். அதையும் முழுமையாகச் செய்தாக வேண்டும்.