பதினோரு வயதுக் கவி

ரோமாபுரிக்குப் போகிறவர்கள் வாடிகன் மாளிகையையும் கபிடோல் குன்றையும் பார்த்துவிட்டுத் திருப்தியுடன் திரும்பிவிடுவது வழக்கம். நகரின் தென்பகுதியில், ஆஸ்டியென்ஸே சாலையில், மோன்டெமார்டினி என்று ஒரு விசித்திரமான பொருட்காட்சி சாலை இருக்கிறது. 1912-ல் மின்சார உற்பத்திக்காக ஏற்பட்ட கட்டடம் அது. 1997-ல், கபிடோல் காட்சி சாலையிலிருந்து சிலைகள் பல தற்காலிகமாக அங்கே வந்து, பிறகு நிரந்தரமாகத் தங்கிவிட்டன. கரிய ராட்சத யந்திரங்களுக்கு முன்னால் சலவைக்கல் தெய்வங்கள் நிற்பதைப் பார்த்தால், தொழிற்சாலைக்குள் தேவசபை கூடிவிட்டதோ என்று தோன்றும்.

ஆனால் நம்மைத் தடுத்து நிறுத்தியது தெய்வச் சிலை அன்று. ஒரு சிறுவனின் சமாதிக்கல்.

மாடத்தினுள்ளே, ரோமர்களின் மேலாடை புனைந்து, கையில் ஏட்டுச் சுருளுடன் நிற்கிறான் பையன். இரு புறமும் பொடி எழுத்தில் கிரேக்கச் செய்யுள். கீழே லத்தீன் சாஸனம். வழிகாட்டிப் புத்தகத்தின் துணைகொண்டு விஷயத்தை அறிந்தோம். பெயர் குவின்டஸ் சுல்பிஸியஸ் மாக்ஸிமஸ். வயது 11 வருஷம், 5 மாதம், 12 நாள். கி.பி. 94-ல் டொமிஷியன் சக்கரவர்த்தி நடத்திய போட்டியில், 52 கிரேக்கப் புலவர்களிடையே நின்று ஆசுகவி பாடினானாம். வென்றான் என்று சாஸனம் கூறவில்லை. கௌரவத்துடன் வெளிவந்தான் என்றே கூறுகிறது. இரவு பகலாய்க் கலையை உபாஸித்த களைப்பும் நோயும் அவனைக் கொண்டுபோய்விட்டன.

பிள்ளைப் பாசத்தால் மிகைப்படுத்துகிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, அவன் பாடிய 43 அடிகளையும் பெற்றோர் அப்படியே கல்லில் வெட்டுவித்தனர். பிற்காலத்தில் நகர மதிலின் கோபுரத்துக்குள் மறைந்துபோன அந்தக் கல், 1871-ல் சலாரியா வாயிலை இடித்தபோதுதான் மறுபடி வெளிச்சம் கண்டது.

செய்யுளின் பொருள் என்ன தெரியுமா? மகன் ஃபேதான் கையில் தேரை ஒப்படைத்ததற்காகச் சூரியனைத் தேவராஜன் சீயஸ் கண்டிப்பது! தாங்கமாட்டாத பாரத்தை இளங்கையில் கொடுத்த தகப்பனின் கதை.

பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து வருகிறோம். சொருகும் கண்களைக் கண்டும், "இன்னும் ஒரு பாடம்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

அன்றிரவு வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ரோமாபுரியின் பெருமைகளுக்கு முன்பாக ஒரு வரி எழுதினோம்: "ஒன்பது மணிக்கு மேல் குழந்தையைப் படிக்கச் சொல்ல வேண்டாம், தூங்கட்டும்."