ஓய்ந்திருக்கும் ஊர்தி

உழைக்கும் பொருள் தேயும் என்பது யாவரும் அறிந்ததே. ஏரின் கொழு தேய்கின்றது; நடப்பவன் செருப்புத் தேய்கின்றது. ஆயின் உழையாது கிடக்கும் பொருளும் தேயும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பூட்டிய வீடு புழங்கும் வீட்டினும் விரைவிற் பாழாகும். இறைக்காத கிணறு நாறும். இவ்வுண்மையை யாம் நன்கு உணர்ந்த இடம் ஒரு கார் கொட்டகையாகும்.

எம் தந்தையார் சென்னையில் ஒரு பெரியவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாரதியாகப் பணிபுரிகின்றார். அவ்வில்லத்தில் அன்றாடப் போக்குவரவுக்கு ஒரு கார் உண்டு. அதனை ஓட்டுபவர் எந்தையார். மற்றொன்று, இருவரே அமரத்தக்க, தாழ்ந்த உருவும் மிகுந்த விசையும் உடைய சிவந்த ஸ்போர்ட்ஸ் கார். இதனைப் பெரியவரே ஓட்டுவார். ஞாயிறுதோறும் வைகறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் வரை சென்று, வெயில் ஏறுமுன் மீள்வது அவர் வழக்கம். சென்ற ஆண்டு அவரைப் பக்கவாதம் பற்றியது. இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. அன்று முதல் கார் கொட்டகையிலேயே நிற்கின்றது.

நிற்கும் காருக்குக் கேடு யாதென வினவலாம். முதற்கேடு பேட்டரிக்கே வரும். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்னை ஏற்றவும் இறக்கவும் கூடிய கலத்தைப் பிரான்சு நாட்டுப் பிளாந்தே என்பார் 1859-இல் அமைத்தார். இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது அதன் வழித்தோன்றலே. முற்காலத்தில் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே எஞ்சினை எழுப்பினர். அது திருப்பி உதைத்துக் கையொடிந்தாரும் உளர். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் மின்னால் எழுப்பும் கருவி அமைந்தபின் அவ்விடர் நீங்கலாயிற்று. ஆயின் அன்று தொட்டு, பேட்டரி சோர்ந்தால் எத்துணை விசையுடைய காரும் கல்லே. "செல்ஃப் எடுக்கவில்லை" என்று மெக்கானிக்குகள் கூறுவது இந்நிலையைத்தான்.

சாவியைக் கழற்றிவிட்டால் கார் உறங்கிவிடும் என்பது தோற்றமே. கள்வரை அறிவிக்கும் அலாரம், கடிகாரம், தொலைவிலிருந்து சாவியின் குரலைக் கேட்கும் கருவி, கணிப்பொறிகளின் நினைவு ஆகிய யாவும் இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்னைப் பருகிக்கொண்டே இருக்கும். அவை பருகுவது 50 மில்லியாம்பியர் எனக் கொள்வோம். ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 60 ஆம்பியர்-மணி கொள்ளும் பேட்டரி 25 நாளிற் பாதியாகிவிடும். இஃதன்றித் தானே கசிந்து குறைதலும் உண்டு. வெப்பம் மிகுந்த நம் ஊரில் அக்கசிவும் மிகும். குறைந்த நிலையிலேயே விட்டுவிட்டால், தகடுகளிற் படியும் ஈய சல்பேட்டு நாளடைவிற் பெருத்து இறுகும். இறுகியபின் எத்துணை மின் ஊட்டினும் அது முழுதும் கரையாது.

போர்ஷே 911 காரின் 2004-இல் வந்த 997 வகையில் ஒரு விந்தை உண்டு. அதன் எஞ்சின் பின்புறம். பேட்டரி முன்மூடியின் கீழ். அம்மூடியைத் திறப்பதும் மின்னே! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற இந்நிலைக்கு மாற்றாக, உட்புறத்து ஃபியூஸ் பெட்டியில், வெளியிலிருந்து மின் கொடுத்து மூடியைத் திறக்க ஒரு முனையையும் வைத்தனர். வெறுமையான பின் வழி தேடுவதினும் வெறுமையாகாமற் காப்பதே எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எந்தையார் காக்கும் முறையைப் பலகால் அருகிருந்து கண்டுள்ளோம். பானெட்டைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விடுவார். சார்ஜரின் பிளக் சுவரிற் செருகப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்வார். சிவப்புக் கிளிப்பைப் பாசிட்டிவ் முனையிற் பொருத்துவார். கறுப்புக் கிளிப்பைப் பேட்டரிக்குச் சற்று அப்பால், வண்ணம் பூசாத இரும்பிற் பொருத்துவார். பேட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு எழக்கூடும். அதனருகே பொறி பறத்தலாகாது. இவ்வளவும் முடிந்த பின்னரே சுவிட்சைப் போடுவார். கழற்றுங்கால் முறை தலைகீழாகும்.

பழைய சார்ஜர் நிறைந்த பின்னும் ஊட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நீர் வற்றித் தகடுகள் கெடும். இச்சிறு கருவியோ, ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை உயர்த்தி நிறைத்தபின் 13.5 வோல்ட் அளவிற்குத் தாழ்ந்து, குறைந்ததை மட்டும் ஈடுசெய்து காத்திருக்கும்.

ஒருநாள் பெரியவரின் மகளார் கொட்டகைக்கு வந்தார். "அப்பா இனி இதை ஓட்டப்போவதில்லை. விற்றுவிடலாம் என்று அண்ணனும் சொல்கிறார். இதற்கு எதற்கு இத்தனை பாடு?" என்றார். எந்தையார் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஐயா கேட்கிற நாளில் வண்டி எழும்ப வேண்டும். எழும்பாமற் போனால் ஐயா வண்டியை நினைத்து மட்டும் வருந்தமாட்டார்" என்றார். அம்மையார் சிறிது நேரம் அந்தப் பச்சை விளக்கையே நோக்கி நின்றார்; பின் ஒன்றும் கூறாது சென்றார்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு பெரியவர் கேட்டார். சக்கர நாற்காலியிற் கொட்டகை வாயிலுக்கு அழைத்து வந்தோம். எந்தையார் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே நொடியில் முழங்கியது. பெரியவர் கண்களை மூடிக் கேட்டிருந்தார். வலக்கை மட்டும் மெல்ல அசைந்தது. "நன்றாக இருக்கிறது" என்றார். அவர் கூறியது எதனை என்று யாம் கேட்டிலோம்.

பிணியாளரைக் காண வருவோர் பலர். நெடுநேரம் அமர்ந்து, கேட்டதையே கேட்டு, தேற்றியதையே தேற்றி அவரைக் களைக்கச் செய்வாரும் உளர். ஒருமுறை வந்து பின் வாராதாரும் உளர். எந்தையாரோ நாள்தோறும் காலையில் வாயிற்படியருகே நின்று, "ஐயா, வண்டி நன்றாக இருக்கிறது" என்பார். பெரியவர் தலையசைத்ததும் தம் வேலைக்குச் செல்வார். குறைந்ததை அறிந்து, குறைந்த அளவே கொடுத்து, நிறைந்ததும் நிற்பதே காத்தல் என்பதைக் கருவியிடமிருந்து எந்தையார் கற்றாரோ, தம் இயல்பு அதனிடமும் இருத்தல் கண்டு மகிழ்ந்தாரோ, யாம் அறியோம். கார் இன்னும் விற்கப்படவில்லை. பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கின்றது.