பாம்பன்: வழிவிட்ட பாலமும் வழியனுப்பும் ஊரும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. நம் மண்ணைக் கடல் மூடியிருந்த காலத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்த மரம் அது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் சிப்பியும் நத்தையும் கல்லாக வருகின்றன. அவற்றுக்கென்று வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. கடல் போன பிறகு அதன் தடத்தைக் காத்து வைத்தவர்கள் அரியலூர், பெரம்பலூர்க்காரர்களான நாம். அந்தப் பழக்கத்தோடு ஒருமுறை பாம்பனுக்குப் போய் வரவேண்டும். அங்கே கடல் அப்படியேதான் இருக்கிறது. போகப்போவது ஒரு பாலம்.

அரியலூரில் கார்டு லைன் ரயிலேறித் திருச்சி, மானாமதுரை, ராமநாதபுரம் என்று போனால் மண்டபத்தோடு தரை முடிகிறது. இரண்டு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டினால் ராமேசுவரம் தீவின் முதல் ஊர் பாம்பன். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது ஜன்னலில் ஓடி மறையும் ஸ்டேஷன். ஊர்க்காரர்களுக்கோ இது இரண்டு கடல்களின் வாசல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்று சொன்னால் இங்கே குழந்தைக்கும் புரியும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். காற்றுக்குத் தக்கபடி படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கட்டுவது இங்கே பிழைப்பின் முதல் பாடம். காற்று, அலை, மீன் நிலவரம் எல்லாம் சொல்ல 'கடல் ஓசை' என்று ஊருக்கே சொந்தமாய் ஒரு சமுதாய வானொலியும் இருக்கிறது.

பாம்பன் சுவாமிகளின் பெயரில் இந்த ஊர் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-இல் கரையிறங்கியதும் இங்கேதான். குந்துகாலில் அவருக்கு நினைவு மண்டபம் உண்டு. அப்போது பாலம் கிடையாது. கடந்தவர்களெல்லாம் படகில்தான் கடந்தார்கள்.

பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்று பெயர் வாங்கிய இந்தப் பயணத்துக்குத்தான் கடலில் இத்தனை தூண்களை நட்டார்கள். ஆனால் பாலம் கட்டினால் வாசல் அடைபடும். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போகும் கலங்கள் என்ன செய்யும்? அதற்கு விடையாக வந்தது நடுவில் இருந்த தூக்குப் பாலம். சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சர் கண்டுபிடித்த முறை அது. இரண்டு இரும்பு இறக்கைகள், ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல். பின்பக்கம் வளைந்த அடிப்பாகம், அதன் மேல் எடை. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தில் பின்னால் எடை இறங்க முன்னால் சால் ஏறுமல்லவா? அதே கணக்கு. இறக்கை குதிகாலில் உருண்டு பின்வாங்க, முனை வானத்தைப் பார்த்து எழும்.

அதை எழுப்பியது மின்சாரமல்ல, ஆட்கள். இரு பக்கமும் தொழிலாளர்கள் நின்று இரும்புத் தண்டைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பாலத்தைத் திறந்தார்கள். துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி நங்கூரமிட்டுக் காத்திருந்த கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். பிறகு அதே கைகள் பாலத்தை மூடும். மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும்.

தண்ணீரும் தண்டவாளமும் மோதினால் என்ன ஆகும் என்று அரியலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எட்டு ஆண்டு கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயல் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தனுஷ்கோடியே போயிற்று. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் விழுந்தது.

மிஞ்சியது எது தெரியுமா? அசையக்கூடிய அந்த நடுப்பகுதி. விழுந்த கர்டர்களை மீனவர்கள் துணையோடு கடலடியில் தேடி எடுத்து, 46 நாளில் ரயிலை மறுபடி ஓட்டிக் காட்டினார் இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர். கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரைப் பரப்பியது வெகு காலம் கழித்து.

1988-இல் சாலைப் பாலம் வந்தது. அதுவரை தீவுக்கு அரிசி வந்ததும் நோயாளி போனதும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில்தான். 2007-இல் மீட்டர் கேஜ் அகலப் பாதையாயிற்று. உப்புக்காற்று மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. 2022 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் கோளாறு கண்டு ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அதன் மேல் பயணிகள் ரயில் ஓடவேயில்லை. பக்கத்தில் எழுந்த புதிய பாலத்தைப் பிரதமர் 2025 ஏப்ரல் 6-இல் திறந்துவைத்தார். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே போகிறது. பொத்தானை அழுத்தினால் சில நிமிட வேலை.

புதியது திறந்தபோது சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டும் அருகருகே தெரிந்தன. பழையதை அப்படியே விட்டுவைக்கலாமே என்று மனம் சொல்கிறது. கடலறிந்தவர்கள் ஒப்ப மாட்டார்கள். இரண்டும் நின்றால் ஒரு கலம் கடக்க இரண்டு பாலமும் வழிவிட வேண்டும். துருப்பிடித்த இறக்கை ஒருநாள் எழ மறுத்தால், வாசல் காக்கப் பிறந்த பாலமே வாசலை அடைத்துவிடும். எனவே அகற்றுவது என்ற ரயில்வேயின் முடிவில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கேள்வி, அகற்றிய இரும்பு எங்கே போகும் என்பதுதான்.

தூண்களும் கர்டர்களும் போகட்டும். அவை போன்றவை நாட்டில் நிறைய உண்டு. ஓர் இறக்கையையாவது, அதன் பல்சக்கரங்களோடும் சுற்றுத் தண்டோடும், மண்டபம் கரையிலோ பாம்பன் கரையிலோ நிறுத்த வேண்டும். வேறு நகரத்து மியூசியத்தில் அது பெயர்ப்பலகையோடு கிடக்கும் பழைய இரும்பு. இங்கே என்றால், அதைச் சுற்றிய கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த இடத்தில் கனம் குறையும், காற்று எந்தப் பக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று அவர்களே சொல்வார்கள்.

சாத்தனூர் மரம் எந்தக் கரையில் முளைத்தது, எந்த ஆறு அதை அடித்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் கல்லைப் பார்த்து ஊகிக்கிறார்கள். பாம்பன் பாலத்துக்கு அந்த நிலை வர அவசியமில்லை. கேட்டு எழுதிவைக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ராமேசுவரம் போகிறவர்கள் ஒருநாள் முன்னதாகக் கிளம்புங்கள். பாம்பனில் இறங்கிப் பழைய பாலத்தின் பக்கம் ஒருமுறை போய்விட்டு, கரையில் வலை பழுது பார்க்கும் பெரியவர் யாரிடமாவது, பாலம் தூக்கும் நாள் எப்படி இருக்கும் ஐயா என்று கேளுங்கள்.