நிற்கும் வண்டியில் ஒழுகும் மின்சாரம்

தம்பியின் பழைய பிக்கப் மூன்று நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாது. தக்காளிப் பறிப்பு நேரம். விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்டால் அன்றைய விலை போயிற்று. ‘பேட்டரியை மாத்திடுங்க’ என்றார்கள். அது வாங்கி ஆறு மாதம்தான். குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றி என்ன பயன்?

சாவியை எடுத்து, விளக்கையெல்லாம் அணைத்து, கதவுகளைச் சாத்தினோம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தோம். இப்படி இணைத்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எங்களுக்கு 0.5 காட்டியது. நாளுக்கு 12 ஆம்பியர்-மணி இழப்பு. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றே நாளில் பாதிக்கு மேல் காலி!

வண்டியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். எதைப் பிடுங்கியபோது அளவு இறங்குகிறதோ, அந்த இணைப்பில்தான் கசிவு. எங்களுக்கு எதிலும் இறங்கவில்லை. கடைசியாக, பேட்டரி இணைப்பை முழுதாக எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி மறுபடி அளந்தோம். அளவு விழுந்தது. உள்ளே டையோடு பழுது. எலக்ட்ரீஷியன் அதை மட்டும் மாற்றினார்; பேட்டரி அதேதான்.

பழுது பார்க்கும்வரை, இரவில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். காலையில் வண்டி கிளம்பும்.