விலை ஏன் குறைந்தது என்று கேள்

கடல் கடந்த மடல் – ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கார் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். "ரூ. 1,20,000 வரை சலுகை" என்று பாதிப் பக்கத்துக்குத் தமிழில் போட்டிருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், நான்கு வரி. நீ அந்த நான்கு வரியைப் படித்திருக்க மாட்டாய். படிக்கக் கூடாது என்றுதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். ரொக்கத் தள்ளுபடி அதில் 25,000 மட்டும்தான். பழைய கார் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ், பெரிய கம்பெனியில் வேலை பார்த்தால் கார்ப்பரேட் சலுகை, ஏற்கெனவே அதே கம்பெனி வண்டி வைத்திருந்தால் இன்னொரு போனஸ், அவர்களிடமே இன்சூரன்ஸ் எடுத்தால் மற்றொன்று. எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்தப் பெரிய எண். காப்பியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற உனக்குக் கொடுப்பதற்குப் பழைய காரும் கிடையாது, கம்பெனி அடையாள அட்டையும் கிடையாது. உனக்கென்று உள்ளது அந்த 25,000.

இப்படி விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டமே ஏற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூன் 9 அன்று விளம்பரங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. சொன்ன விலையில் விற்கும் உத்தேசமே இல்லாமல் ஆளை வரவழைக்கப் போடும் தூண்டில் விளம்பரத்துக்கும் அதில் தடை உண்டு. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் கை விரிப்பது, ஆங்கிலம் படிக்கத் தெரியாத நம் ஏற்காட்டு மலைக்காரரை நேராகக் குறிவைக்கிற செயல். எனக்கு இது ஆத்திரமாகவே இருக்கிறது.

இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் 2010 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. டீலர் விளம்பரத்தில் விலை போட்டால், வண்டியைக் கொண்டுவந்த செலவு, பரிசோதனைச் செலவு, ஆபீஸ் கட்டணம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட வேண்டும். 13 சதவீத விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் மட்டும் வெளியே நிற்கலாம். மீறினால் ஓம்விக் என்ற ஒழுங்குமுறை அமைப்பு நடவடிக்கை எடுக்கும். புதிதாக வந்திறங்கும் நம் பிள்ளைகளோடு கார் பார்க்கப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த விதியைத்தான். விதி இருந்தும் இங்கே ஏமாற்று இல்லாமல் போகவில்லை. "வாரத்துக்கு இவ்வளவுதான்" என்று சின்ன எண்ணைப் போட்டு, ஏழெட்டு வருஷத் தவணையை அடியில் ஒளித்து வைப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கவும் இங்கே வழி கிடையாது. திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையில் பலர் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் விளம்பரத்தில் நிற்பது எக்ஸ் ஷோரூம் விலை. நீ கட்டப்போவது ஆன்ரோடு விலை. 2023 நவம்பரில் தமிழ்நாடு லைஃப் டாக்ஸை உயர்த்தியதிலிருந்து இந்த இரண்டுக்கும் இடைவெளி பெருத்துவிட்டது: 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18. பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிற மாடலைச் சேல்ஸ்மேன் "இன்னும் இருபதாயிரம்தான் சார்" என்று காட்டினால், அந்த இருபதாயிரத்தோடு வரி மட்டுமே ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறும். காப்பி வியாபாரி கிலோவுக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, எடை போடும்போது ஈரம், தூசி என்று கழித்தால் நீ கொட்டையைத் திரும்ப மூட்டை கட்டிவிடுவாய் அல்லவா? ஷோரூமிலும் அதே ஆளாக இரு. கொட்டேஷனில் ஒவ்வொரு வரியும் தனியாக வேண்டும். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி வந்தால், அது எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல். இன்சூரன்ஸில் மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி கட்டாயம். ஆனால் அதை அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விலை விசாரித்துவிட்டு அந்தத் தாளோடு போனால் அவர்களே இறங்கி வருவார்கள்.

அப்படியானால் உண்மையான மலிவு கிடையவே கிடையாதா? உண்டு. விற்கிறவன் விலையைக் குறைக்கக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் உன்னைப் பாதிக்காததாக இருந்தால் அது உண்மையான மலிவு. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பழைய புகைத் தரமான பிஎஸ்-3 வாகனங்களை விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அடுத்த இரண்டு நாளில் பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் கம்பெனிகள் இருபதாயிரம் ரூபாய்வரைகூடக் குறைத்தன, ஷோரூம்கள் காலியாயின. வண்டி அதே வண்டி. விற்காவிட்டால் இரும்பாகக் கிடக்கும் என்ற நெருக்கடி கம்பெனிக்கு. ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஆடி மாதமும் அப்படித்தான். ஆடியில் புது வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்குவதால் ஷோரூம் வெறிச்சோடும், தள்ளுபடி நிஜமாகவே கூடும். ஆடியில் புக் செய்து ஆவணியில் எடுக்கலாம் என்பார்கள். புக்கிங் தாளில் "டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும்" என்று அச்சடித்திருக்கும். அதை மாற்றி எழுதித் தந்தால் மட்டும் முன்பணம் கொடு.

இப்போது மார்ச். கணக்கு ஆண்டு முடிகிறது, டீலருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும். போன வருஷம் தயாரான வண்டிகள் யார்டில் நிற்கும். உன் விளம்பரத்தில் உள்ள 25,000 ரூபாய்க்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தயாரான மாதமும் வருஷமும் ஆர்.சி.யில் ஏறும், விற்கும்போது அந்த ஒரு வருஷத்துக்காக விலை இறங்கும். மூன்று வருஷத்தில் கார் மாற்றுகிறவருக்கு அது நஷ்டம். நம் வீட்டில் ஒரு வண்டி வந்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நிற்கும், ஆகவே உனக்கு அது லாபம். ஆனால் 25,000 போதாது, இன்னும் கேள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் பேட்டரியைச் சோதித்துத் தரச் சொல். டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய டெமோ காரும் நல்ல பேரம்தான். டீலர் பெயரில் பதிவானதால் நீ இரண்டாவது ஓனர் ஆவாய், வாரண்டியும் முன்பே ஓட ஆரம்பித்திருக்கும். அதற்கேற்ற குறைப்பு வேண்டும்.

இன்னொன்றையும் கவனி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, கூடுதல் வரியும் போயிற்று. அரசு குறைத்த அந்தத் தொகையைத் தன் சலுகை மாதிரி சில விளம்பரங்கள் கூட்டிக் காட்டுகின்றன. அது எந்த ஷோரூமுக்குப் போனாலும் உனக்கு உரியது.

கடன் விஷயத்தில் உன்னைவிட அக்காவுக்குச் சொல்கிறேன், அவள்தான் கணக்குப் போடுவாள். 7 லட்சம் ரூபாயை ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 14,700. ஏழு வருஷம் என்றால் 11,440. இரண்டாவதுதான் விளம்பரத்தில் வரும். மொத்தம் கட்டுவதோ முறையே 8,82,000, 9,61,000. 79,000 ரூபாய் கூடுதல், உனக்குக் கிடைக்கும் தள்ளுபடியைப் போல மூன்று மடங்கு. 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த வட்டி விகிதத்தை ஒரு தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் வங்கி எழுதித் தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள்.

கையில் பணம் குறைவு, செகண்ட் ஹேண்ட் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் பார். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்களும் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். முதலில் அதைக் காட்டச் சொல். "சிங்கிள் ஓனர்" என்ற விளம்பரம் உண்மையாகவே இருக்கலாம், அந்த ஒரே ஓனர் டாக்ஸிக்காரராகவும் இருந்திருக்கலாம். டி போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றி விற்பது உண்டு. இங்கே டாக்ஸியாக ஓடியதை மறைத்து டீலர் விற்றால் 90 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அங்கே நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்: கூரையில் கேரியர் பூட்டிய தடம், தேய்ந்த பெடல் ரப்பர், கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணுக்கு உள்ள கிலோமீட்டர் பதிவு. கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் இல்லாமல் பணம் கொடுக்காதே.

வெள்ளத்தில் மூழ்கிய கார்தான் என்னை அதிகம் பயமுறுத்துவது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டமாகக் கணக்கெழுதி ஏலத்தில் விட்டன. கழுவித் துடைத்து அப்படிப்பட்ட வண்டி எந்த ஊருக்கும் வரும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார், கடைசி முழத்தில் சேற்றுக் கறை நிற்கும். தரை விரிப்பைத் தூக்கி, சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார். ஏற்காட்டில் வைத்து மட்டும் சோதிக்காதே. நம் மலையில் மழைக்காலத்தில் வீட்டு அலமாரியே பூஞ்சை வாசம் அடிக்கும், காரின் ஈரவாசம் அதில் தெரியாது. சேலம் வெயிலில் கண்ணாடியை ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திற, மூக்கே சொல்லிவிடும். பிறகு அடிவாரத்திலிருந்து ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேலே ஓட்டு. இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றிரண்டில் நிறுத்திக் கிளப்பினால் கிளட்ச்சின் வயது தெரியும். இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். ஊருக்குள் ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுகிற டெஸ்ட் டிரைவ் சமவெளிக்காரருக்குப் போதும், நமக்குப் போதாது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் வண்டி வந்துவிட வேண்டும், முதல் பூஜை அங்கேதான் என்று அம்மாயி சொல்வதாக எழுதியிருந்தாய். அம்மாயியின் ஆசை எனக்கும் ஆசைதான். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற அந்தக் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அந்தத் தேதியைச் சேல்ஸ்மேனிடம் சொல்லிவிடாதே. உனக்கு அவசரம் என்று தெரிந்தால் அவர் ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டார். "இந்த வாரம் மட்டும்" என்ற வரி இந்த வாரம் போய் அடுத்த வாரமும் வரும். மே மாதத்துக்குள் பேரம் படியவில்லை என்றால் திருவிழாவுக்கு ஜீப்பில் போங்கள். ஆடிவரை பொறுத்தால் இன்னும் நல்ல விலை கிடைக்கும். சாமி கோபித்துக்கொள்ளாது, அம்மாயியிடம் நான் பேசுகிறேன்.

சனிக்கிழமை சேலம் போகும்போது அக்காவையும் அழைத்துப் போ. வண்டி தயாரான மாதம், ரொக்கத் தள்ளுபடி, ஆன்ரோடு விலை மூன்றையும் கொட்டேஷனில் எழுதி, ஷோரூம் முத்திரையோடு வாங்கிப் படம் அனுப்பு. இன்னொரு ஷோரூமிலும் அதே மாடலுக்கு ஒன்று வாங்கு. இரண்டும் வந்த பிறகு பேசுவோம். அதுவரை முன்பணமாக ஐயாயிரம் கேட்டாலும் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா