வாடை பிடித்து

ஜனவரி 17, லங்காவி

நாளை புறப்பாடு. இலங்கையின் காலி துறைமுகம் ஏறத்தாழ 1,200 கடல் மைல். நவம்பரிலேயே கிளம்பிவிட நான் துடித்தேன், அண்ணன் விடவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் இதோ இந்த அந்தமான் கடலில் பிறந்ததுதான். பொங்கல் கழிந்தால் புயல் குறையும், வாடைக்காற்று நிலைக்கும். மார்ச்சில் வாடையும் ஓய்ந்துவிடும். எதிரே தெரிகிற கெடாதான் பழைய கடாரம். அங்கிருந்து ஊர் திரும்பிய நம் கப்பல்களும் இந்தக் காற்றுக்குத்தான் காத்துக் கிடந்திருக்கும்.

ஜனவரி 19

காற்றில்லை. நாள் முழுக்க இஞ்சின்.

ஜனவரி 20

நடுச்சாமம், என் காவல். இருட்டில் அருவி விழுவதுபோல் இரைச்சல். பாறையோ என்று பதறி அண்ணனை எழுப்பினேன். கோடு கிழித்தாற்போல் ஒரு வெள்ளை நுரைப்பட்டை எங்களை நோக்கி வந்தது. சில நிமிடம் படகை உலுக்கி எடுத்தது. பிறகு கடல் மறுபடி எண்ணெய்போல் கிடந்தது. நிக்கோபார், சுமத்ரா பக்கத்துக் கடலடி மேடுகள்மேல் ஓதம் ஏறி இறங்கும்போது, மேலே உள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழே உள்ள குளிர்நீருக்கும் நடுவில் பேரலை எழுகிறது. ஆழத்தில் அதன் உயரம் 60 மீட்டரைத் தாண்டுவதுண்டு. நாங்கள் பார்த்தது அதன் மேற்சலசலப்பு மட்டும். இதை எண்ணி எண்ணி விடியும்வரை தூங்கவில்லை.

ஜனவரி 23

பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே வந்ததும் வாடை கிடைத்தது. 18 நாட், வலது பின்பக்கத்திலிருந்து. இரண்டு மீட்டர் அலை. பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கியும் நேற்று 152 மைல் ஓடினோம். பாரோமீட்டர் காலை பத்துக்கு ஏறி மாலை நாலுக்கு இறங்குகிறது. இந்தக் கடலில் அது அன்றாட மூச்சு. அந்த அளவுக்குமேல் இறங்கினால்தான் கவலை.

ஜனவரி 26

இலங்கையின் தெய்வேந்திர முனை விளக்கு தெரிகிறது. முனைக்குத் தெற்கே சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகின்றன. கரையோரம் மீன்பிடி படகுகளின் விளக்குகள். வலைக்குப் பயந்து இருவரும் விழித்திருக்கிறோம். இங்கே நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறும்: தென்மேற்குப் பருவத்தில் கிழக்கே, இப்போது மேற்கே.

காலிக்குள் நுழைய வெளிச்சம் வேண்டும் என்று பாயை இறக்கிவிட்டோம். அப்படியும் படகு மணிக்கு ஒன்றரை மைல் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுகத்தைத் தாண்டிவிடாமலிருக்க, இஞ்சினைப் போட்டுக் கிழக்கு முகமாக நிற்கிறோம்.